கொப்புளம் ஆறிவிடும், கண்ணை முதலில் காட்டுங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வாரம் ஆகிறது. பிறந்த இரண்டாம் நாளே கால்களிலும் இடுப்பிலும் கோடு கோடாகக் கொப்புளங்கள் வந்தன. ஹெர்பஸ் கிருமியாக இருக்கலாம் என்று ஊசி மருந்து ஏற்றினார்கள். சோதனையில் கிருமி எதுவும் இல்லை. அப்புறம் இன்னொரு மருத்துவர் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து, ‘இன்கான்டினென்ஷியா பிக்மென்டி’ என்றார். இப்போது கொப்புளம் காய்ந்து, அந்த இடமெல்லாம் மரு மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது. தழும்பாக நின்றுவிடுமா? மற்றவர்களுக்கு ஒட்டுமா? உறவினர் ஒருவர் களிம்பு கொடுத்திருக்கிறார், போடலாமா? பிறகு லேசரில் எடுத்துவிட முடியுமா? எனக்கும் இரண்டு பற்கள் கூம்பு போல இருக்கும். உச்சந்தலையில் சிறு இடத்தில் முடி கிடையாது. முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. என் தங்கைக்குச் சில பற்கள் முளைக்கவே இல்லை. இதற்கெல்லாம் தொடர்பு உண்டா? கண் மருத்துவரிடமும் காட்டச் சொன்னார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாள், கண் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் தோல் ஆறிய பிறகு போகலாம் என்று இருக்கிறோம்.

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். தோல் ஆறும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள். நான் தோல் மருத்துவர். மரபணுப் பழுதால் வரும் இந்த நோயோடு குழந்தைகள் முதலில் வருவது எங்களிடம்தான். ஆனால் இதில் தோல்தான் எங்களுக்கு மிகக் குறைந்த கவலை தரும் பகுதி. பார்க்கப் பயமாக இருப்பது தானாக ஆறிவிடும். வெளியே தெரியாத இடத்தில்தான் நாள் கடத்தக் கூடாத வேலை இருக்கிறது.

விழித்திரை, அதாவது கண்ணின் பின்சுவரில் இருக்கும் மெல்லிய படலம், அதன் ஓரங்களுக்கு ரத்தம் கொண்டு போகும் நுண்குழாய்கள் இந்த நோயில் அடைபட்டுப் போகலாம். ரத்தம் கிடைக்காத பகுதி ‘எனக்கு ரத்தம் வேண்டும்’ என்று ரசாயன சமிக்ஞை அனுப்பும். அதற்குப் பதிலாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். ஆனால் அவை வலுவில்லாதவை, ரத்தம் கசியும், நாளடைவில் நார் கட்டி விழித்திரையைப் பிடித்து இழுக்கும். இழுவை அதிகமானால் விழித்திரை பிரிந்துவிடும். அதன் பிறகு பார்வையை மீட்பது கடினம். அதற்கு முன்பே கண்டுபிடித்தால், ரத்தம் எட்டாத அந்த ஓரப் பகுதியில் லேசர் வைத்து இதை நிறுத்திவிட முடியும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது நல்ல செய்தி, சந்தேகமே இல்லை. ஆனால் முகம் பார்க்க விழித்திரையின் நடுப்பகுதி போதும். நோய் தொடங்குவது ஓரத்தில். ஒரு கண் சரியாக இருந்து, மறு கண் மட்டும் கெடுவதும் உண்டு. நல்ல கண்ணாலேயே குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாறுகண் விழுந்தோ, கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தோ பெற்றோர் கவனிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை. கண்ணில் ஏதாவது மாற்றம் காண்பது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அதிலும் பார்வையைப் பாதிக்கும் அளவுக்குப் போவது இன்னும் குறைவானவர்களுக்கு. ஆனால் உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. உடம்பெல்லாம் கோடு இருக்கும் குழந்தைக்குக் கண் சுத்தமாக இருக்கும். காலில் நாலு கொப்புளத்தோடு வந்த குழந்தைக்கு லேசர் தேவைப்பட்டிருக்கும்.

யாரிடம் போவது என்பதும் முக்கியம். சாதாரணக் கண் பரிசோதனை போதாது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதிக்கும் மருத்துவர் யாரோ, அவரிடம் போங்கள். நேரம் கேட்கும்போதே நோயின் பெயரைச் சொல்லி, ‘பத்து வாரக் குழந்தை, இதுவரை விழித்திரை பார்க்கவில்லை’ என்று சொல்லுங்கள். அதைக் கேட்டதும் அவர்களே அவசரப்படுத்துவார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பார்த்துப் பயந்துவிடுவீர்கள். கண்ணில் சொட்டு மருந்து சில தடவை விடுவார்கள். கருவிழி விரிய அரை மணி, முக்கால் மணி ஆகும். பால் எப்போது கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு நிறையக் குடித்த உடனே பரிசோதித்தால் கக்கிவிடும். பிறகு குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, மரத்துப் போகும் மருந்து விட்டு, இமை மூடாதபடி ஒரு சிறிய கம்பிக் கிளிப் வைப்பார்கள். மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்து, ஒரு சிறு கருவியால் வெள்ளைவிழியின் மேல் மெல்ல அழுத்தி, விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். குழந்தை அலறும். கட்டிப் பிடித்து வைத்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். முடிந்ததும் மடியில் போட்டுப் பால் கொடுத்தால் அடங்கிவிடும். பார்க்க முடியாது என்று தோன்றினால் அந்த சில நிமிடம் வெளியே இருங்கள், தப்பில்லை.

முதல் தடவை ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. பொதுவாகப் பின்பற்றும் அட்டவணை இது: பிறந்ததிலிருந்து நான்கு மாதம் வரை மாதம் ஒரு முறை, ஒரு வயது வரை 3 மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. ஏதாவது தென்பட்டால் மருத்துவர் இன்னும் அடுத்தடுத்து வரச் சொல்வார். முதல் ஒரு வருடம்தான் ஆபத்து அதிகம். அந்த வருடத்தில் எந்த முறையையும் தவறவிடாதீர்கள்.

சரி, இனி தோலுக்கு வருவோம்.

ஒட்டாது. இது கிருமியால் வருவது இல்லை. யார் வேண்டுமானாலும் குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம். முதலில் பார்த்த மருத்துவர் மேல் உங்களுக்குக் கோபம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் செய்தது சரி. பச்சிளங்குழந்தைக்கு ஹெர்பஸ் வந்து சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து. கொப்புளத்தோடு வரும் குழந்தைக்கு அந்த மருந்தைத் தொடங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அந்தக் கோடுகளைக் கவனித்திருப்பீர்கள். கால்களில் நீளவாக்கில் இறங்கும், முதுகில் ‘வி’ போல வளையும், வயிற்றுப் பக்கம் சுழிக்கும். நரம்போ ரத்தக்குழாயோ போகும் பாதை இல்லை அது. 1901-ல் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ என்ற ஜெர்மன் தோல் மருத்துவர், தன்னிடம் வந்த நோயாளிகளின் உடம்பில் இருந்த கோடுகளைப் பொம்மைகளிலும் சிலைகளிலும் வரைந்து வைத்து, எல்லோருக்கும் ஒரே வடிவம் வருவதைக் காட்டினார். கரு வளரும்போது தோல் செல்கள் பெருகி நகர்ந்து வந்த வழித்தடம்தான் அது. எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது, இந்த மாதிரி நோய்களில் வெளிப்படுகிறது. இந்த நோயை 1926-ல் விவரித்த புரூனோ பிளாக், 1928-ல் விவரித்த மேரியன் சல்ஸ்பெர்கர் இருவர் பெயரையும் சேர்த்து ‘பிளாக்-சல்ஸ்பெர்கர்’ என்று சில அறிக்கைகளில் எழுதியிருப்பார்கள். பார்த்துவிட்டு இரண்டாவதாக ஒரு நோய் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஐ.கே.பி.கே.ஜி. என்ற ஒரு மரபணு. அதன் பழைய பெயர் நெமோ. இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்று 2000-ல் கண்டுபிடித்தார்கள். அழற்சி வரும்போது செல் செத்துப் போகாமல் காப்பது இந்த மரபணுவின் வேலைகளில் ஒன்று. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று ஓய்வில் இருக்கும். ஆக, உங்கள் மகளின் தோலில் சில கோடுகளில் பழுதான எக்ஸ் வேலை செய்கிறது, மற்ற இடங்களில் நல்ல எக்ஸ். பழுதான செல்கள் மடியும்போது கொப்புளம் வருகிறது. மடிந்த இடத்தை நல்ல செல்கள் வந்து பிடித்துக்கொள்கின்றன. கொப்புளம் மருந்தே இல்லாமல் அடங்குவதற்குக் காரணம் இதுதான். ஆண் கருவுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது பழுதானால் ஈடுகொடுக்க இன்னொன்று இல்லை. அதனால் பெரும்பாலான ஆண் கருக்கள் தங்குவதில்லை, இந்த நோயோடு நாம் பார்ப்பது ஏறக்குறைய எல்லாமே பெண் குழந்தைகள்.

இப்போது நீங்கள் பார்க்கும் மரு போன்ற சொரசொரப்பு இரண்டாவது கட்டம். பெரும்பாலும் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். தேய்த்து எடுக்காதீர்கள், பிய்க்காதீர்கள். அதன் பிறகு வருவதுதான் பெற்றோரை மறுபடி கலங்க வைக்கும்: சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், தண்ணீரில் மை விட்டால் சுழித்துப் பரவுமே, அது போலக் கோடுகளும் சுழிகளும் தோன்றும். கொப்புளம் வராத இடத்தில்கூட வரலாம். அது தழும்பு இல்லை, நோய் கூடிவிட்டது என்றும் அர்த்தம் இல்லை. சில வருடங்கள் இருந்து, பதின்ம வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். கடைசியில் சிலருக்கு, முக்கியமாகக் கெண்டைக்காலின் பின்பக்கம், முடியில்லாத, வியர்க்காத வெளிறிய கோடுகள் மட்டும் மிஞ்சும்.

களிம்பு வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத எதையும் பத்து வாரக் குழந்தையின் தோலில் போடக் கூடாது, ஸ்டீராய்டு கலந்திருந்தால் அது வேறு தொல்லை. குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தித் துணி போடுங்கள். புதிதாகக் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். சீழ் பிடித்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். பிறகு ஒரு நாள் காய்ச்சலோ தடுப்பூசியோ வந்து போன கையோடு பழைய கோட்டில் சில கொப்புளங்கள் திரும்ப வரலாம், தானாகப் போய்விடும். அதற்காகத் தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். லேசரும் வேண்டாம். நிறக்கோடுகள் தானாக மங்கப் போகின்றன, அதற்கு லேசர் அடித்து மறுபடி கொப்புளத்தைக் கிளப்பிய நிகழ்வுகள் உண்டு. கண்ணுக்கு வைக்கும் லேசர் வேறு, இது வேறு. ‘லேசர் வேண்டாம் என்று தோல் மருத்துவர் எழுதினாரே’ என்று அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்!

மூளையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இணையத்தில் படித்து, கேட்கவே பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நோய் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மூளையின் நுண்குழாய்களும் பாதிக்கப்படும். அப்படி ஆனால் பெரும்பாலும் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ வலிப்பாக வெளிப்படும். பத்து வாரம் வரை வலிப்பு இல்லை, முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால் அது உண்மையிலேயே தெம்பு தரும் விஷயம். இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர் எல்லோரையும் போலப் படித்து வேலைக்குப் போகிறவர்கள்தான். இணையத்தில் முதலில் வந்து விழுவது மிக மோசமான குழந்தைகளின் படங்கள், லேசான நோய் உள்ளவர்களை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனாலும் ஒரு வயது வரை கண் வைத்திருங்கள். ஒரு கையோ காலோ தாளம் போட்டது போல வெட்டி, நீங்கள் பிடித்தாலும் நிற்காமல் இருந்தால், பார்வை ஒரே பக்கம் நிலைகுத்தினால், தூங்கி எழும் நேரத்தில் உடம்பு திடீர் திடீரென்று அடுத்தடுத்து மடங்கினால், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வார்த்தையில் சொல்வதைவிட அரை நிமிட வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும். அறிகுறி ஒன்றும் இல்லாத குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. கட்டாயம் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. கண்ணில் மாற்றம் தெரிந்தால் எடுத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

பல் தாமதமாக முளைக்கலாம், சில முளைக்காமலே போகலாம், சில கூம்பாக வரலாம். முதல் பல் வந்ததும் அல்லது ஒரு வயதில், குழந்தைப் பல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். மெல்லுவதும் பேச்சும் தடைப்படாமல் இருக்க, தேவைப்பட்டால் சின்ன வயதிலேயே கழற்றி மாட்டும் பல் செய்யலாம், கூம்புப் பல்லை நிரப்பி வடிவம் கொடுக்கலாம். எலும்பில் பதிக்கும் பல் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான். நகம் வரிவரியாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் வளர்ந்த பிறகு நகத்தடியில் வலியோடு கட்டி வந்தால் இந்த நோயை நினைவில் வைத்துக் காட்டச் சொல்லிவிடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. கூம்புப் பல், உச்சந்தலையில் முடியில்லாத இடம், கலைந்த கர்ப்பம் என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கர்ப்பம் கலைய வேறு நூறு காரணம் உண்டு, அதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பல்லும் தலையும் சேரும்போது உங்களுக்கும் லேசாக இந்த நோய் இருக்கலாம். நல்ல வெளிச்சத்தில் யாரையாவது உங்கள் கெண்டைக்காலின் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். முடியில்லாத வெளிறிய கோடுகள் தெரிகின்றனவா? மகளுக்குக் கண்டுபிடித்த பிறகுதான் தனக்கும் இருப்பதைத் தெரிந்துகொள்ளும் தாய்மார்கள் நிறைய. இருந்தால், உங்கள் விழித்திரையையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், மகளோடு போகும் அன்றே பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதோ செய்ததோ இதற்குக் காரணம் இல்லை. நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகத்தான் வருகிறது.

உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மகளுக்கு முதலில், பிறகு உங்களுக்கு. இதில் ஒரு சிக்கல். இந்த மரபணுவுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யாத நகல் ஒன்று இருக்கிறது. சாதாரண மரபணு வரிசைப் பரிசோதனை இரண்டையும் குழப்பி, ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று அறிக்கை தந்துவிடலாம். பெரும்பாலான நோயாளிகளிடம் இருப்பது 4 முதல் 10 வரையிலான எக்ஸான்கள், அதாவது மரபணுவின் துண்டுகள், மொத்தமாக விடுபட்டுப் போன ஒரே வகைக் கோளாறு. ஆகவே ‘ஐ.கே.பி.கே.ஜி. எக்ஸான் 4 முதல் 10 விடுபடல்’ என்று குறிப்பிட்டுக் கேட்டு, அதைத் தனியாகப் பார்க்கும் ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். மரபணு ஆலோசகர் வழியாகப் போனால் இந்தத் தவறு நேராது.

உங்களுக்கு இருப்பது உறுதியானால், அடுத்து உருவாகும் ஒவ்வொரு கருவுக்கும் நான்கு வாய்ப்பு: நோயில்லாத பெண், நோயுள்ள பெண், நோயில்லாத ஆண், நோயுள்ள ஆண். கடைசி வகை பெரும்பாலும் தங்காது என்பதால், உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நோய் இருக்கும். கர்ப்பமான 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம், சோதனைக் குழாய் முறையில் உருவாக்கிய கருவைச் சோதித்த பிறகே கருப்பையில் வைக்கும் வழியும் இருக்கிறது. எதுவும் செய்யாமல் பெற்றுக்கொண்டு, பிறந்த அன்றே கண்ணைப் பார்ப்பதும் நியாயமான முடிவுதான். உங்கள் சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. இன்னொரு குழந்தை வேண்டுமா என்பதை முடிவு தெரியாமல் இப்போதே வீட்டில் விவாதிக்க வேண்டாம்.

தங்கையிடம் இன்றைக்கே போன் போட்டுப் பயமுறுத்த வேண்டியதில்லை. பல் முளைக்காமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு. உங்கள் முடிவு வந்து, அதில் கோளாறு இருந்தால், அந்த அறிக்கையின் நகலை அவரிடம் கொடுங்கள். என்ன தேட வேண்டும் என்று அதிலேயே இருப்பதால் அவருக்கு ஒரே ரத்தப் பரிசோதனை போதும். அவர் இப்போது கர்ப்பமாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள். இருந்தால் உங்கள் பரிசோதனையை மகளின் முடிவுக்காகக் காக்க வைக்காமல், நீங்களும் மகளும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்துவிடுங்கள்.